உங்க ஆதார் என்கிட்டதான் கிடந்தது

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்து 11 வருடம் ஆகிறது. தென்காசி மாவட்டத்தில் ஒரு சின்ன ஊர். பெயர்தான் ஜெராக்ஸ் கடை, பிரிண்ட், ஸ்கேன், லேமினேஷன், ஸ்காலர்ஷிப் விண்ணப்பம், பட்டா சிட்டா, பாஸ்போர்ட் சைஸ் போட்டோ என்று காகிதத்தோடு சம்பந்தப்பட்ட எல்லா வேலையும் நடக்கும். ஊரில் பாதிப் பேருக்கு நான் மைனி, மீதிப் பேருக்கு அக்கா, இப்போது வருகிற பிள்ளைகளுக்கு ஆன்ட்டி. யார் எப்படிக் கூப்பிட்டாலும் உள்ளே வந்ததும் சொல்வது ஒன்றுதான்: "என் ஆதார் உங்ககிட்டதான கெடக்கும், போன மாசம் எடுத்தேம்லா, அதையே ஒரு காப்பி போடுங்க."

கிடக்கும்தான். டவுன்லோட்ஸில் கிடக்கும், டெஸ்க்டாப்பில் கிடக்கும், கடை வாட்ஸ்அப்பில் கிடக்கும். இல்லையென்று சொன்னால் முகத்தைத் தூக்குவார்கள் என்பதற்காகவே நானும் ரொம்ப நாள் வைத்திருந்தேன். அப்புறம் இடம் நிறைந்து கம்ப்யூட்டர் இழுக்க ஆரம்பித்ததால் சனிக்கிழமை சாயங்காலம் எல்லாவற்றையும் அழிப்பது, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்வது என்று ஒரு வழக்கம் வைத்தேன். இதைப் பெருமையாகக்கூடச் சொல்லிக்கொள்வேன். "நம்ம கடையில யாரோட பேப்பரும் ஒரு வாரத்துக்கு மேல நிக்காது."

இரண்டு வருடம் முன்பு என் மகள் சடங்கு. போட்டோகிராபர் பென் டிரைவில் போட்டுக் கொடுத்த 3,000 சொச்சம் போட்டோவையும் ஆல்பத்துக்குத் தேர்ந்தெடுக்க வசதியாக இருக்குமே என்று கடை கம்ப்யூட்டரில் காப்பி செய்தேன். வீட்டு லேப்டாப்பில் இடம் இல்லை. கடைக்குச் சாயங்காலம் மட்டும் வரும் கல்லூரிப் பையன், நான் சொல்லிக்கொடுத்த ஒழுங்குப்படியே, அந்தச் சனிக்கிழமை கஸ்டமர் ஃபோல்டர் என்று நினைத்து அதையும் சேர்த்து அழித்துவிட்டான். அதுவும் ஷிஃப்டை அழுத்திக்கொண்டு, ரீசைக்கிள் பின்னுக்குக்கூடப் போகாதபடி. பென் டிரைவைக் கேட்டால், அதை நானே ஃபார்மேட் பண்ணி யாருக்கோ கல்யாணப் பத்திரிகை டிசைன் போட்டுக் கொடுத்திருக்கிறேன். போட்டோகிராபர் அடுத்த ஆர்டருக்காக மெமரி கார்டை எப்போதோ அழித்துவிட்டார். பையனைத் திட்டவும் முடியவில்லை.

அண்ணன் மகன் சென்னையில் ஐடி வேலையில் இருக்கிறான். போனில் அழுதேன். அவன் முதலில் சொன்னது, "அத்தை, அந்த சிஸ்டத்துல இனிமே ஒரு லெட்டர்கூட டைப் பண்ணாதீங்க, ஆஃப் பண்ணி வைங்க, நான் வாரேன்." ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ்ஸை விட்டு இறங்கினவன் காப்பிகூடக் குடிக்காமல் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றித் தன் லேப்டாப்பில் மாட்டினான். ஃபோட்டோரெக் என்று ஒரு இலவச சாஃப்ட்வேர். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து, பார்க்க ஒன்றும் அழகாக இருக்காது. மீட்பதை அதே டிஸ்க்கில் சேமிக்கக் கூடாது, வேறொன்றில்தான் சேமிக்க வேண்டும் என்பதால் தனியாக ஒன்றைக் கொண்டுவந்திருந்தான். 500 ஜிபி டிஸ்க், ராத்திரி முழுக்க ஓடியது.

நாம் அழிக்கிறோமே, அப்போது என்ன நடக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. நோட்டின் முதல் பக்கத்தில் இருக்கும் பொருளடக்கத்தில் அந்த ஒரு வரியை மட்டும் கம்ப்யூட்டர் அடித்துவிடுகிறது, உள்ளே எழுதினது அப்படியே இருக்கிறது, "இந்தப் பக்கம் காலி, தேவைப்பட்டால் இதன் மேல் எழுதிக்கொள்ளலாம்" என்று ஒரு குறிப்பு மட்டும். வேறு ஏதாவது அதன் மேல் எழுதப்படும் வரை பழைய எழுத்துக்கு ஒன்றும் ஆகாது. அந்த சாஃப்ட்வேர் பொருளடக்கத்தைப் பார்ப்பதே இல்லை. ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, இது போட்டோ மாதிரி தொடங்குகிறதே, இது பிடிஎஃப் மாதிரி தொடங்குகிறதே என்று எடுத்து வைக்கிறது. அதனால் ஃபைல் பெயர் எதுவும் வராது, எழுத்தும் எண்ணுமாக அதுவே ஒரு பெயர் வைக்கும்.

காலையில் போட்டோக்கள் வந்திருந்தன. எண்ணிப் பார்த்ததில் 2,200 போல. மகள் ஊஞ்சலில் இருக்கிற போட்டோவைப் பார்த்ததும் நானும் அவளும் கட்டிக்கொண்டு அழுதோம், அது தனிக் கதை. ஆனால் அந்தப் போட்டோக்களைத் தேடிப் புரட்டின நேரத்தில் நடுநடுவே வந்ததெல்லாம் ஊர். ஆதார் முன்பக்கம், பின்பக்கம். ரேஷன் கார்டு. பேங்க் பாஸ்புக் முதல் பக்கம். செத்துப்போன ஒருவரின் இறப்புச் சான்று. கர்ப்பிணிப் பெண்ணின் ஸ்கேன் ரிப்போர்ட். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டுகள், நூற்றுக்கணக்கில். நாலு வருடம் முன்பு அழித்ததுகூட இருந்தது.

அதில் ஒரு வேர்டு ஃபைல். ஒரு பெண் தன் புருஷன் அடிக்கிறான் என்று போலீசுக்குக் கொடுக்க என்னிடம் டைப் செய்த மனு. "அழிச்சிருங்க மைனி, யாராவது பார்த்துட்டா வம்பு" என்று அவள் கேட்டு, அவள் பார்க்கப் பார்க்க அழித்து, ரீசைக்கிள் பின்னையும் திறந்து காட்டி அனுப்பினேன். முதல் வரி முதல் கடைசி வரி வரைக்கும் அப்படியே வந்துவிட்டது.

அந்த வாரம் புதன்கிழமை அந்த கம்ப்யூட்டரை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டுப் புதுசு எடுப்பதாகப் பேசி முடித்திருந்தேன். பழசுக்கு 3,500 ரூபாய். அந்தப் பையன் போட்டோவை அழிக்காமல் இருந்திருந்தால் நான் சந்தோஷமாக 3,500 ரூபாய்க்கு ஊரையே தூக்கிக் கொடுத்திருப்பேன்.

ஜெராக்ஸ் மெஷினைப் பற்றியும் இங்கே சொல்லிவிடுகிறேன். எங்களைப் போன்ற கடைக்காரர்கள் பெரும்பாலும் வெளிநாட்டில் ஓடின மெஷினை ரீகண்டிஷன் செய்து விற்பதைத்தான் வாங்குவோம். நான் வாங்கினபோது என் மெஷினின் திரையில் யார் யாரோ வெள்ளைக்காரர்கள் பெயரும் மெயில் முகவரியும் வரிசையாக இருந்தன, அழகாக இருக்கிறதே என்று மகளுக்குக் காட்டினேன். பெரிய டிஜிட்டல் மெஷின்கள் பலவற்றுக்குள் ஹார்ட் டிஸ்க் உண்டு, காப்பி எடுப்பதும் ஸ்கேன் செய்வதும் அதில் பதியலாம் என்று அப்போது தெரியாது. அமெரிக்காவில் ஒரு மருத்துவக் காப்பீட்டு நிறுவனம் வாடகைக்கு எடுத்த ஜெராக்ஸ் மெஷின்களை டிஸ்க்கை அழிக்காமல் திருப்பிக் கொடுத்து, அதற்காக 2013இல் 12 லட்சம் டாலருக்கு மேல் கட்டியிருக்கிறது என்பதை அண்ணன் மகன்தான் காட்டினான். இப்போது மெஷின் செட்டிங்கில் அந்தப் பதிவை அழிக்கும் வசதி எங்கே என்று சர்வீஸ்காரரைக் கேட்டு வைத்திருக்கிறேன். அவர் "இதெல்லாம் யாருமே கேட்டது இல்லையேக்கா" என்றார்.

சரி, நான் என்ன மாற்றினேன் என்று சொல்கிறேன். பழைய டிஸ்க்கை நான் கொடுக்கவே இல்லை, டிஸ்க் இல்லாமல் எடுத்துக்கொண்டால் எவ்வளவு என்று கேட்டேன், 800 குறைத்தார், போகட்டும். டிஸ்க்கோடு கொடுத்தே ஆக வேண்டும் என்றால், சுற்றுகிற பழைய வகை டிஸ்க்குக்கு விண்டோஸில் குவிக் ஃபார்மேட் என்ற டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபார்மேட் போடலாம், நேரம் ஆகும், ஆனால் எல்லாவற்றின் மேலும் பூஜ்ஜியம் எழுதிவிடும். அல்லது ரீசெட் திஸ் பிசி போய், எல்லாவற்றையும் நீக்கு என்பதோடு கிளீன் டேட்டா என்பதையும் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த இரண்டாவதை யாரும் கவனிப்பதில்லை.

புது கம்ப்யூட்டரில் எஸ்எஸ்டி, அதாவது சுற்றாமல் சிப்பில் பதியும் புது வகை டிஸ்க். அதில் அழித்தது பெரும்பாலும் திரும்ப வராது என்கிறான் அண்ணன் மகன். அப்படியென்றால் சடங்கு போட்டோவும் வந்திருக்காது என்பதையும் சேர்த்தே சொன்னான். அதற்காக இப்போது எங்கள் வீட்டுப் போட்டோ மட்டும் இரண்டு டிஸ்க்கில் இருக்கிறது, ஒன்று வீட்டு பீரோவில், ஒன்று அம்மா வீட்டு பீரோவில். கடை கம்ப்யூட்டரில் பிட்லாக்கர் போட்டுக் கொடுத்தான், டிஸ்க்கில் உள்ளதையெல்லாம் பூட்டி எழுதும் வசதி, விண்டோஸ் ப்ரோவில் கூடவே வரும். டிஸ்க்கைக் கழற்றி வேறு எங்கே மாட்டினாலும் குப்பைதான் தெரியும். அதற்கு 48 இலக்கத்தில் ஒரு சாவி உண்டு, ஏதாவது கோளாறு என்றால் அதைக் கேட்கும், தொலைத்துவிட்டால் நமக்கும் சேர்த்துக் குப்பைதான். அதைப் பிரிண்ட் எடுத்து நகைப் பெட்டியில் வைத்திருக்கிறேன். லேமினேஷன் போட்டுத்தான். தொழில் புத்தி போகாது.

அடுத்தது கடை போன். இதுதான் கம்ப்யூட்டரைவிட மோசமாக இருந்தது. ஆதாரை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள் என்று நம்பரைப் பெரிதாக எழுதி ஒட்டியிருந்தது நான்தான். வந்த படமெல்லாம் தானாக கேலரிக்குப் போய், கேலரியிலிருந்து தானாக கூகுள் போட்டோஸுக்குப் போய், என் சொந்த மெயில் கணக்கில் ஏறியிருந்தது. ஒரு நாள் கூகுள் போட்டோஸ் தேடலில் ஆதார் என்று இங்கிலீஷில் அடித்துப் பார்த்தேன், படத்தில் இருக்கும் எழுத்தையும் அது படிக்கிறதே, வந்துகொண்டே இருந்தது, விரல் வலிக்கும் வரை தள்ளினேன். என் கணக்கின் பாஸ்வேர்டு அப்போது மகள் பெயரும் 123உம். அந்த ஒரு பாஸ்வேர்டைத் தெரிந்துகொண்டவன் கையில் ஊரே இருந்திருக்கும்.

இப்போது வாட்ஸ்அப்பில் தானாகப் படம் இறங்குவதை நிறுத்திவிட்டேன், கேலரியில் காட்டாதே என்றும் வைத்துவிட்டேன், கூகுள் போட்டோஸில் வாட்ஸ்அப் ஃபோல்டருக்கு பேக்கப் இல்லை. 24 மணி நேரத்தில் செய்தி மறையும் வசதியும் போட்டிருக்கிறேன். அது புதிதாகத் தொடங்கும் பேச்சுக்குத்தான் தானாகப் பொருந்தும், பழையவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து மாற்ற வேண்டும், நான் மொத்தமாக அழித்துவிட்டேன். என் மெயில் கணக்குக்கு இரண்டடுக்குப் பாதுகாப்பும் போட்டாயிற்று, பாஸ்வேர்டு போட்ட பிறகு போனிலும் உறுதி கேட்கும், போன் தொலைந்தால் உள்ளே போக கூகுள் 10 பேக்கப் கோடு கொடுக்கும், அந்தத் தாளும் நகைப் பெட்டியில்தான்.

நோட்டைப் பற்றிச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. பிள்ளைகளுக்கு ஸ்காலர்ஷிப்புக்கும் டிஎன்பிஎஸ்சிக்கும் இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்கும் கணக்கு தொடங்கிக் கொடுக்கிறபோது பெயர், யூசர் ஐடி, பாஸ்வேர்டு மூன்றையும் ஒரு நீள நோட்டில் எழுதி வைப்பேன், ஏனென்றால் அடுத்த முறை வரும்போது "மறந்துட்டேன்க்கா" என்றுதான் வருவார்கள். எல்லாப் பாஸ்வேர்டும் ஒரே வாய்ப்பாடு, பெயர், ஒரு அட் (@) குறி, 123. நான் வைத்துக் கொடுத்ததுதான். அந்த நோட்டு கல்லாவுக்குப் பக்கத்தில் நூல் கட்டித் தொங்கும், யார் வேண்டுமானாலும் புரட்டலாம். அதை வீட்டுக்குக் கொண்டுபோய் அடுப்பில் போட்டேன். இப்போது பிள்ளைகளையே டைப் செய்யச் சொல்கிறேன், நான் எழுந்து வெளியே வந்து நிற்பேன். சம்பந்தமில்லாத நாலு வார்த்தையைச் சேர்த்து நீளமாக வை, உன் நோட்டில் எழுதி வீட்டில் வை என்பேன். வீட்டில் நோட்டில் எழுதுவதை நான் தப்பென்று சொல்ல மாட்டேன், கடை நோட்டில் இருப்பதுதான் தப்பு. பாதிப் பேர் இப்போதும் பெயரும் 123உம்தான் வைக்கிறார்கள், தோள்பட்டைக்கு மேலாக எட்டிப் பார்க்காமலே தெரிகிறது, அவ்வளவு வேகமாக அடித்து முடிக்கிறார்கள்.

கஸ்டமர் உட்காரும் கம்ப்யூட்டரில் குரோமை கெஸ்ட் விண்டோவில்தான் திறந்து கொடுக்கிறேன், மூடினால் லாகின் எல்லாம் போய்விடும். ஆனால் இறக்கின ஃபைல் போகாது, அது டவுன்லோட்ஸில் இருக்கும், அதை எழுந்திருக்கும் முன் நீங்கள்தான் அழிக்க வேண்டும். வாட்ஸ்அப் வெப் இன்னொரு தலைவலி. பிரிண்ட் எடுக்க கியூஆர் கோடைக் காட்டித் திறந்துவிட்டு அப்படியே போய்விடுவார்கள். முன்பெல்லாம் சாயங்காலம் கடை அடைக்கிற நேரத்தில் "சாப்டியா தங்கம்" என்று யாருடைய செய்தியாவது திரையில் வந்து விழும். போன் வீட்டுக்குப் போய்விட்டாலும், நெட் இல்லாவிட்டாலும், இங்கே அது ஓடிக்கொண்டே இருக்கும். இப்போதே வாட்ஸ்அப்பில் மூன்று புள்ளியைத் தொட்டு லிங்க்ட் டிவைசஸ் என்பதைப் பாருங்கள், தெரியாத கம்ப்யூட்டர் பெயர் இருந்தால் லாக் அவுட் கொடுங்கள். என் கடையில் இதைச் செய்து காட்டினபோது ஒரு பையனுக்கு நாலு இடம் வந்தது.

ஆதார் விஷயத்துக்கு வருகிறேன். இணையத்தில் இறக்கும் ஆதார் பிடிஎஃப்புக்குப் பாஸ்வேர்டு உண்டே என்று நம்பிக்கையாக இருப்பார்கள். அந்தப் பாஸ்வேர்டு பெயரின் முதல் நாலு எழுத்தும் பிறந்த வருடமும். எந்த ஜெராக்ஸ் கடைக்கும் இது மனப்பாடம். அதனால் முழு எண் தேவைப்படாத இடத்துக்கு மாஸ்க்டு ஆதார் கொடுங்கள், மைஆதார் தளத்தில் இறக்கும்போதே ஒரு டிக் போட்டால் கடைசி 4 எண் மட்டும் தெரிகிற மாதிரி வரும். வாங்க மாட்டோம் என்பவர்களும் இருக்கிறார்கள், லாட்ஜில் வாங்கிக்கொள்கிறார்கள், சில ஆபீஸில் முறைக்கிறார்கள். 2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகமே கண்ட இடத்தில் ஜெராக்ஸ் கொடுக்காதீர்கள், மாஸ்க்டு ஆதார் கொடுங்கள் என்று அறிவிப்பு விட்டது, இரண்டே நாளில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். நான் அதை பிரிண்ட் எடுத்துக் கடையில் ஒட்டி, கிழித்தும் ஆயிற்று. முழு ஆதார் காப்பிதான் வேண்டும் என்றால் குறுக்கே பேனாவால் "சிம் வாங்க மட்டும்" என்று எழுதித் தேதியைப் போடுங்கள். எழுத்து உங்கள் முகப் படத்தை மறைக்க வேண்டாம்.

கைரேகையைப் பற்றி இங்கே யாருக்கும் பயமே இல்லை. 2018இல் தெலங்கானாவில் நிலப் பதிவு ஆவணங்களில் இருந்த கைரேகைகளை எடுத்து ரப்பரில் அச்சு செய்து, அதை வைத்து சிம் கார்டுகளை ஆக்டிவேட் செய்த ஒருவர் பிடிபட்டார். கைரேகை வைத்துப் பணம் எடுக்கும் மெஷின் இப்போது மூலைக்கு மூலை இருக்கிறது. மைஆதார் தளத்தில் பயோமெட்ரிக் லாக், அதாவது கைரேகைக்கு ஒரு பூட்டு, போட்டுவிட்டால் தேவைப்படும்போது திறந்து, அப்புறம் பூட்டிக்கொள்ளலாம். ஆனால் ரேஷன் கடையில் கைரேகை வைக்கிற வீட்டில் இதைப் போட்டுவிட்டு மறந்தால் அங்கே நின்று என்னைத் திட்டுவார்கள், திட்டியிருக்கிறார்கள். உங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்பதை தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் ஓடிபி போட்டுப் பார்க்கலாம். எங்கள் தெரு அங்கன்வாடி அக்காவுக்குப் பார்த்தபோது அவர் கண்ணாலேயே பார்க்காத நம்பர் ஒன்று இருந்தது. என் நம்பர் இல்லை என்று அங்கேயே குறித்துவிட்டோம்.

போன வருடம் ஒரு மத்தியானம் ரிட்டயர்டு டிரைவர் மாமா ஒருவர் வேர்த்து விறுவிறுத்து வந்தார். தெரிந்தவர் நம்பரிலிருந்தே வாட்ஸ்அப்பில் டிராபிக் அபராதம் என்று ஒரு ஏபிகே ஃபைல், அதாவது தொட்டால் போனில் ஆப்பை ஏற்றும் ஃபைல், வந்திருக்கிறது, தொட்டிருக்கிறார், எஸ்எம்எஸ் படிக்கலாமா என்று அது கேட்டதற்குச் சரி என்று கொடுத்திருக்கிறார். அனுப்பினவருக்கே தெரியாமல் அவர் கணக்கிலிருந்து போனது அது. கொஞ்ச நேரத்தில் இரண்டு தடவையாக 38,000 போய்விட்டது. நான் முதலில் அவர் போனை வாங்கி ஏரோபிளேன் மோடில் போட்டேன், வைஃபையும் அணைத்தேன், ஓடிபியை அது வெளியே அனுப்பிக்கொண்டே இருக்கும் என்பதால். என் போனிலிருந்து சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அடித்தேன், நாலாவது தடவை எடுத்தார்கள். எந்த பேங்க், அக்கவுன்ட் நம்பர், எவ்வளவு, எத்தனை மணிக்கு, டிரான்ஸாக்ஷன் நம்பர் என்ன என்று கேட்பார்கள், இதைத் தேடிக்கொண்டிருந்தால் நேரம் போய்விடும், பாஸ்புக்கைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். அப்புறம் சைபர் கிரைம் தளத்திலும் புகாரைப் பதிந்து, பிரிண்ட் எடுத்து, அவரை பேங்குக்கு அனுப்பினேன். இரண்டாவதாகப் போன 20,000 நடுவிலேயே நிறுத்தப்பட்டு, பல மாதம் கழித்து வந்தது. முதல் 18,000 போனதுதான்.

பேங்கில் நீங்கள்தானே ஃபைலைத் தொட்டீர்கள் என்றார்களாம். ரிசர்வ் வங்கியின் 2017 விதிப்படி நம் மேலும் பேங்க் மேலும் தப்பில்லாமல் வெளியாள் யாரோ செய்தது என்றால் 3 வேலை நாளுக்குள் சொன்னால் நமக்கு நஷ்டம் இல்லை. நம் கவனக்குறைவு என்று வந்தால், நாம் சொல்லும் வரை போனது நம் தலையில், சொன்ன பிறகு போவது பேங்க் தலையில். அதனால் வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு நிமிஷமும் காசுதான். மாமா ஒரு மணி நேரம் அப்படி உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் வந்தாராம், மகனுக்குத் தெரிந்தால் திட்டுவான் என்று.

அவர் போனை ரீசெட் போட்டுக் கொடுத்தோம். பழைய போனை விற்கிறவர்களும் கேட்கிறார்கள், அதனால் சொல்கிறேன். சமீபத்திய போன்களில் உள்ளே இருப்பது பூட்டித்தான் எழுதப்படுகிறது, முறையாக ஃபேக்டரி ரீசெட் போட்டால் அந்தச் சாவி போய்விடும், கம்ப்யூட்டர் டிஸ்க் அளவுக்குப் பயப்பட வேண்டியதில்லை. கூகுள் கணக்கை முதலில் நீக்கிவிட்டு ரீசெட் போடுங்கள், இல்லையென்றால் வாங்கினவர் உங்கள் பாஸ்வேர்டு கேட்டு வந்து நிற்பார். மெமரி கார்டை மட்டும் கண்டிப்பாகக் கழற்றிக்கொள்ளுங்கள், அது அந்தப் பூட்டுக்குள் வராது.

அந்த மனு எழுதின பெண்ணிடம் நடந்ததைச் சொல்வதா வேண்டாமா என்று பல நாள் யோசித்தேன். ஒரு நாள் ஜெராக்ஸ் எடுக்க வந்தபோது சொல்லிவிட்டேன். டிஸ்க்கைக் கேட்டாள். எடுத்துக் காட்டினேன். லேத் பட்டறைக்குக் கொண்டுபோய் நாலு ஓட்டை போட்டுவிட்டு வருவோம் மைனி என்றாள், இரண்டு பேரும் ஸ்கூட்டியில் போய்ப் போட்டுவிட்டு வந்தோம். பட்டறைக்காரர் காசு வாங்கவில்லை.

வாட்ஸ்அப் நம்பர் எழுதின போர்டை எடுத்துவிட்டேன். அசல் கார்டைக் கொண்டுவாருங்கள், கண்ணாடியில் வைத்து எடுத்துத் தருகிறேன் என்கிறேன், போனிலிருந்து பிரிண்ட் என்றால் அவர்கள் எதிரிலேயே எடுத்து எதிரிலேயே அழிக்கிறேன். யாவாரம் கொஞ்சம் குறைந்திருக்கிறது. நேற்று அந்த டிரைவர் மாமாவே வந்தார். "ஆதார் ஒரு காப்பி போடு தாயி." கார்டு எங்கே மாமா என்றேன். "அதான் ஒங்கிட்ட கெடக்குமே." இல்லை மாமா, இப்பல்லாம் வைக்கிறதில்லை என்றேன். வீட்டுக்குப் போய் எடுத்துவர அவருக்கு முழங்கால் வலி. கொஞ்ச நேரம் நின்றார். "சரி விடு, எதுத்த கடைத் தம்பிகிட்ட கெடக்கும்" என்று ரோட்டைக் கடந்து போய்விட்டார்.